ஆமை புகுந்த வீடும் அப்ரைசல் சீசனும்

மயிலாப்பூர்ல பங்குனி மாசம்னா ஒரே அர்த்தம்தான். அறுபத்துமூவர். மாட வீதி முழுக்கப் பந்தல், நீர்மோர், புளியோதரை, தொலைஞ்சு போன குழந்தைக்கு மைக்ல அறிவிப்பு. எங்க வீடு கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி. திருவிழா முடியற வரைக்கும் பைக்கை லஸ் பக்கம் எங்கயாவது விட்டுட்டு நடந்துதான் வரணும்.

இஞ்சினியரிங் முடிச்சு ஓ.எம்.ஆர்ல ஆணி புடுங்கப் போன பிறகு பங்குனிக்கு ரெண்டாவது அர்த்தம் வந்துச்சு. அப்ரைசல். வருஷம் பூரா பார்த்த வேலையை ஒரு எக்ஸெல் ஷீட்ல நிரப்பி, நமக்கு நாமே மார்க் போட்டுக்கிட்டு, மேனேஜர் அதுல பாதியை வெட்டி, கடைசியில ஒத்த நம்பரா வந்து நிக்கும். எனக்கு 3. பக்கத்து சீட்டுக்காரனுக்கு 4. அந்த ஒரு நம்பருக்காக எத்தனை ராத்திரி புரண்டு புரண்டு படுத்திருக்கேன்னு சொன்னா சிரிப்பீங்க. உங்களுக்கும் நடந்திருந்தா சிரிக்க மாட்டீங்க :-)

இப்போ மூணாவதா ஒரு அர்த்தம் சேர்ந்திருக்கு. பங்குனி ஆமை.

இது நம்ம மீனவர்கள் வச்ச பேர். இங்கிலீஷ்ல ஆலிவ் ரிட்லி. ஜனவரியில ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும் ராத்திரியில கரையேறி, மணல்ல குழி தோண்டி முட்டை போட்டுட்டுப் போற கடலாமை. எங்கேயோ ஒரிசாவுலன்னு நினைக்காதீங்க. நாம மொளகா பஜ்ஜி தின்னுட்டு பேப்பரைத் தூக்கிப் போடறோமே, அதே பெசன்ட் நகர் பீச்லதான்.

மூணு சீசன் இதுக்காக ராத்திரியில கரையோரம் நடந்தேன். நடக்கப் போன இடத்துல ஒரு சரித்திரம் காலைத் தட்டுச்சு. இந்தப் பதிவு அதைப் பத்தினது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

*

முதல்ல கொசுவத்தியை சுத்திக்கலாம்.

2023 பிப்ரவரி. மேலே சொன்ன 3 எனக்கு வரப் போகுதுன்னு அரசல் புரசலாத் தெரிஞ்சிருந்த நேரம். எங்க டீம்ல டெஸ்டிங் பண்ற ஒரு பொண்ணு, "வெள்ளிக்கிழமை ராத்திரி நீலாங்கரை வர்றியா, ஆமை வாக்"னு கேட்டா. எனக்கு வேற வேலை எதுவும் இல்ல. போனேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு கூட்டம் சேர்ந்தது. காலேஜ் பசங்க, ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்த அப்பா அம்மா, என்னை மாதிரி பொட்டி தட்டறவங்க. முன்னாடி நின்ன பையனுக்கு இருபது வயசு இருக்கலாம். டார்ச் அடிக்கக்கூடாது, செல்போனை எடுக்கக்கூடாது, ஆமை வந்தா கத்தக்கூடாது. இவ்வளவுதான் ரூல்ஸ். அப்புறம் நடை. நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர். சுமார் 7 கிலோமீட்டர், முழுக்க மணல். ஷூ போட்டுட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

கொட்டிவாக்கம் தாண்டினதும் முன்னாடி போன பையன் கையைத் தூக்கினான். மணல்ல டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், கடல்ல இருந்து மேல ஏறி, வளைஞ்சு, மறுபடி கடலுக்கே போகுது. ஆமை வந்துட்டுப் போயாச்சு. அவன் குச்சியை வச்சு மெதுவா மணலைக் குத்திப் பார்த்தான். ஒரு இடத்துல குச்சி லேசா உள்ள இறங்குச்சு. படுத்துக்கிட்டு தோள் வரைக்கும் கையை விட்டுத் தோண்டினான். பிங்பாங் பந்து மாதிரி முட்டை, ஒண்ணொண்ணா. என்னை எண்ணச் சொன்னாங்க. 112.

அந்த முட்டைகளை ஈர மணலோட பையில போட்டு பெசன்ட் நகர் கரைக்கு எடுத்துட்டு வந்து, வேலி போட்ட இடத்துல அதே ஆழத்துக்குக் குழி தோண்டி மறுபடி புதைச்சாங்க. பக்கத்துல ஒரு குச்சி, அதுல தேதியும் எண்ணிக்கையும். 45 நாளுக்கு மேல ஆகும் பொரிக்கறதுக்கு.

"இதுல எவ்வளவு பிழைக்கும்?"னு கேட்டேன். நம்ம புத்தி அப்படி, சக்சஸ் ரேட் தெரியணும்.

"பொரிக்கறது பெரும்பாலும் பொரிச்சுடும்ணா. வளர்ந்து பெருசாகறது ஆயிரத்துல ஒண்ணுன்னு சொல்வாங்க."

விடிகாலையில பைக்ல வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் மண்டைக்குள்ள கணக்கு ஓடுச்சு. ஒரு சீசனுக்கு 100 குழின்னு வச்சுக்கோங்க. குழிக்கு 100 முட்டை. 10,000. அத்தனையும் பொரிச்சாலும் கடைசியில 10 ஆமை. அதுங்க பெருசாகி முட்டை போட வர்றதுக்கு பத்துப் பதினைஞ்சு வருஷம். அப்போ இந்தப் பையனுக்கே முப்பத்தஞ்சு வயசு. இன்னிக்கு தோள் வரைக்கும் மண்ணுல கையை விட்டானே, அதோட ரிசல்ட் எந்த எக்ஸெல் ஷீட்லயும் வராது. இருந்தும் ஏன் வர்றான்?

வீட்டுல பாட்டி முழிச்சிருந்தா. எங்க போனேன்னு கேட்டா, சொன்னேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா"ன்னு ஒரே போடா போட்டுட்டு காபி கலக்கப் போயிட்டா.

*

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

அந்த சீசன்லயே, மார்ச் கடைசியில ஒரு நடை. வழியில உட்கார்ந்து தண்ணி குடிக்கும்போது யாரோ சொன்னாங்க, இந்த வாரம் சதீஷ் பாஸ்கர் இறந்துட்டார்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசல. எனக்கு அந்தப் பேரே தெரியாது. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, இன்னும் முடியல.

சதீஷ் பாஸ்கர் 1946ல கேரளாவுல செராயில பிறந்தவர். இஞ்சினியரிங் படிக்க வந்த இடம் நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ். அடையாறுல இருந்து கூப்பிடு தூரம். படிப்பை முடிக்கல. கிளாஸை விட கடல் பிடிச்சிருந்தது, நல்லா நீந்துவார். ஐ.ஐ.டி.க்கு அந்தப் பக்கம் கிண்டியில ஒரு பாம்புப் பண்ணை இருந்தது. அங்க போய் ஒட்டிக்கிட்டார்.

பாம்புப் பண்ணைன்னா நமக்கு ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்தான் ஞாபகம் வரும். ரோமுலஸ் விட்டேகர் அதை முதல்ல சேலையூர் பக்கம் ஆரம்பிச்சு, 1972ல கிண்டிக்குக் கொண்டு வந்தார். அதைச் சுத்தி ஒரு இளவட்டக் கூட்டம். பாதிப் பேர் மாணவர்கள். 1973-74 வாக்குல இந்தக் கூட்டம்தான் மெட்ராஸ் கரையில ராத்திரி நடக்க ஆரம்பிச்சது. ஆமை முட்டையை மனுஷங்க தோண்டி எடுத்து வித்துடுவாங்க, மிச்சத்தை நாய் தோண்டிடும். அதுக்கு முன்னாடி இவங்க போய் எடுத்து, பாதுகாப்பான இடத்துல புதைச்சுப் பொரிக்க வச்சு கடல்ல விட்டாங்க. நான் 2023ல பார்த்த அதே வேலை.

இங்க ஒரு விஷயத்தை கவனிங்க. அதே 1974லதான் ஒரிசாவுல கஹிர்மாதா கரையை ராபர்ட் பஸ்டர்ட்ங்கற விஞ்ஞானி உலகத்துக்குச் சொன்னார். ஒரே கரையில சில நாளுக்குள்ள லட்சக்கணக்குல ஆமை ஏறி முட்டை போடற இடம். உலகமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. மெட்ராஸ்லயோ ராத்திரி பூரா நடந்தா ஒண்ணு, ரெண்டு. பல ராத்திரி சைபர். எண்ணிக்கைதான் பெருமைன்னா இந்த ஊர்க் கூட்டம் அன்னிக்கே கடையைக் கட்டியிருக்கணும். கட்டல. அடுத்த ஜனவரியிலயும் நடந்தாங்க.

இன்னொரு பழைய கதையும் உண்டு. அகநானூறுல 160ஆவது பாட்டு, குமுழிஞாழலார் நப்பசலையார் எழுதினது. சூல் கொண்ட ஆமை மணல் மேட்டுல முட்டையை மறைச்சுப் புதைச்சுட்டுப் போகும், குஞ்சு வெளியே வர்ற வரைக்கும் அதோட கணவன் காவல் காக்கும்னு சொல்றாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம நெய்தல் கரையில ஒருத்தர் குனிஞ்சு பார்த்திருக்காங்க பாருங்க. ஆனா அந்தக் கணவன் மேட்டர் மட்டும் தப்பு. ஆண் ஆமை கரைக்கே வராது. முட்டை போட்ட ஆமையும் திரும்பிப் பார்க்காது. அந்தக் காவல் வேலை ரெண்டாயிரம் வருஷமா காலியா இருந்து, 1970கள்ல இந்தப் பசங்க வந்து சேர்ந்திருக்காங்க. சம்பளம் கிடையாது :-)

*

சதீஷ் கதைக்கு வர்றேன்.

1977ல இருந்து 1996 வரைக்கும் அவர் இந்தியக் கடற்கரையில 4,000 கிலோமீட்டருக்கு மேல நடந்திருக்கார். கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், நிகோபார். எந்தக் கரையில எந்த ஆமை முட்டை போடுது, எந்த மாசம், எத்தனை. அன்னிக்கு இதுக்கு ஒரு லிஸ்ட் கூடக் கிடையாது. அவர்தான் லிஸ்ட் போட்டார். அந்தமான் நிகோபார்ல ஏழுவரி ஆமை ஏறற கரைகளைப் பதிவு பண்ணினார். சவுத் ரீஃப்ங்கற குட்டித் தீவுல சீசன் சீசனா தங்கி அழுங்காமையைப் பார்த்தார். 1984-85ல இந்தோனேசியாவுல பப்புவா பக்கம் போய் எழுநூறு வாக்குல ஏழுவரி ஆமைகளுக்கு டேக் மாட்டினார்.

அவரோட வருஷத்தை நம்ம காலண்டர்ல வைக்க முடியாது. ஒவ்வொரு ஆமைக்கும் ஒவ்வொரு கரைக்கும் ஒரு மாசம். அந்த மாசம் எதுவோ, அப்போ இவர் அங்க இருக்கணும். தப்ப விட்டா அடுத்த வருஷம்தான். ரீ-டெஸ்ட் கிடையாது.

இதுல உச்சம் 1982. லட்சத்தீவுல சுஹேலி வலியகரைன்னு ஆள் இல்லாத ஒரு தீவு. பச்சை ஆமை அங்க ஏறறது மழைக்காலத்துல. மழைக்காலத்துல அந்தப் பக்கம் படகு போகாது. அதனாலயே யாரும் போய் எண்ணினதில்ல. இவர் மே மாசம் போய் இறங்கிட்டார், சாப்பாட்டுச் சாமானோட, தன்னந்தனியா. படகு திரும்பிப் போச்சுன்னா செப்டம்பர் வரைக்கும் வெளியே வர வழியில்ல. கைக்குழந்தையோட மனைவி ஊர்ல.

ஜூலை 3ஆம் தேதி மனைவிக்கு ஒரு லெட்டர் எழுதி, பாட்டில்ல போட்டு மூடி கடல்ல வீசினார். 24 நாள் கழிச்சு அது இலங்கைக் கரையில ஒரு மீனவர் கையில கிடைச்சுது. அவர் அதைப் பத்திரமா மனைவி அட்ரஸுக்குத் தபால்ல அனுப்பி வச்சார். நம்பறதுக்கு கஷ்டமா இருக்குல்ல? நானும் முதல்ல நம்பல. ஆனா நடந்தது.

இதைப் படிச்சப்போ எனக்கு புல்லரிச்சது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோவமும் வந்துச்சு, மறைக்க விரும்பல. கைக்குழந்தையை விட்டுட்டு தீவுல போய் உட்கார்ந்தா வீட்டுல இருக்கறவங்க பாடு? அந்த வெற்றிக்கான பில்லை இன்னொருத்தரும் சேர்ந்து கட்டியிருக்காங்க. சதீஷை மெச்சற எல்லாரும் அவர் மனைவியையும் சேர்த்து மெச்சணும்னு தோணுச்சு.

இப்போ நம்ம வீட்டு அளவுகோலை வச்சு இவரை அளந்து பாருங்க. ஐ.ஐ.டி. சீட்டை விட்டவர். டிகிரி இல்ல. பேருக்கு முன்னாடி டாக்டர் இல்ல. எங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா கல்யாண வீட்டுல அவர் பேச்சை எடுத்தாலே பேச்சை மாத்திடுவாங்க. ஆனா இந்தியாவுல கடலாமை பத்தி ஆராய்ச்சி பண்றவங்க பின்னோக்கிப் போனா இந்த ஆள் நடந்து எழுதின எண்ணிக்கையில வந்துதான் முட்டிக்கணும். அன்னிக்கு எத்தனை இருந்ததுன்னு தெரிஞ்சாதானே இன்னிக்கு குறைஞ்சதா கூடினதான்னு சொல்ல முடியும்? 2010ல கோவாவுல நடந்த சர்வதேச கடலாமை மாநாட்டுல அவரைக் கூப்பிட்டு கௌரவிச்சாங்க. 2024ல அவரைப் பத்தி 'டர்ட்டில் வாக்கர்'னு ஒரு ஆவணப்படமும் வந்துச்சு. அதைப் பார்க்க அவர் இல்ல.

*

அதே பாம்புப் பண்ணைக் கூட்டத்துல இன்னொருத்தர் ஜெ. விஜயா. 1959ல பிறந்தவர். இந்தியாவோட முதல் பெண் ஊர்வன ஆய்வாளர்னு சொல்வாங்க. மாணவியா இருக்கும்போதே பண்ணைக்கு வந்தவர்.

1980களோட தொடக்கத்துல மேற்கு வங்காளத்துல திகா கடற்கரைக்குப் போனார். கஹிர்மாதா பக்கம் பிடிபட்ட பங்குனி ஆமைகளைக் குவிச்சு வச்சு கறிக்கு வெட்டற இடம். எண்ணினார், படம் எடுத்தார். விஷயம் 'இந்தியா டுடே'ல வந்தது. பிரதமர் இந்திரா காந்தி அதைப் பார்த்துட்டு நடவடிக்கை எடுக்கச் சொல்லி, கடலோரக் காவல்படை இறங்குச்சு. ஒரு இளம்பொண்ணு, கையில கேமராவும் நோட்டும்.

1982லயே இன்னொண்ணு. கேரளாக் காட்டுல ஒரு சின்ன பிரம்பு ஆமை. 1912ல மெட்ராஸ் மியூசியத்து ஹெண்டர்சன் விவரிச்சு எழுதினதுக்கப்புறம் எழுபது வருஷமா எந்த ஆய்வாளர் கண்ணுலயும் படல. விஜயா காட்டுல போய்த் தங்கி, காடர் மக்கள் உதவியோட அதைக் கண்டுபிடிச்சார். 1987ல இறந்துட்டார். முப்பது வயசைத் தொடல. 2006ல அந்த ஆமையோட பேரினத்துக்கே 'விஜயாகெலிஸ்'னு அவர் பேரை வச்சாங்க.

எனக்கு இப்போ 28. விஜயா பேரைப் படிக்கும்போது இந்த வயசுக் கணக்கு உறுத்தாம இருக்காது. ஆனா அவர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருப்பார்னு எனக்குத் தோணல. அந்த மாசம் காட்டுல இருக்கணும், இருந்தார்.

*

1980கள்ல சில வருஷம் வனத்துறையே சென்னைக் கரையில பொரிப்பகம் நடத்துச்சு. அப்புறம் அது நின்னு போச்சு. நின்ன இடத்துல 1988ல மறுபடி எடுத்தவங்க மாணவர்கள். மாணவர் கடலாமை பாதுகாப்புக் குழு. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் கார்த்திக் சங்கர். பின்னாடி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியர் ஆனார். 2015ல 'ஃப்ரம் சூப் டு சூப்பர்ஸ்டார்'னு இந்தியக் கடலாமைகளோட சரித்திரத்தையே புத்தகமா எழுதினார். ஆனா எல்லாரும் பேராசிரியர் ஆகல. பெரும்பாலான பேர் ரெண்டு மூணு சீசன் நடந்துட்டு வேலை, கல்யாணம், அமெரிக்கான்னு கிளம்பிடுவாங்க. அடுத்த பேட்ச் வரும்.

இதை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு பேட்ச்சும் போயிடுது, ஆனா 1988ல இருந்து நடை நிக்கல. எங்க ஆபீஸ்ல ஒரு ஆள் பேப்பர் போட்டாலே புராஜெக்ட் படுத்துக்கும்.

ஒரு ராத்திரி திருவான்மியூர் தாண்டி ஒரு பெரியவர் வலை பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா தம்பி, ஆமை கிடைச்சுதா?"ன்னார். இல்ல ஐயா, இன்னிக்கு வேஸ்ட்னு சொன்னேன். சிரிச்சார். "பாடு இல்லாத நாளு வேஸ்டுன்னா நாங்க வருசத்துல பாதி நாளு கரையிலயே செத்துருக்கணும் தம்பி. கடலு குடுக்காத அன்னிக்கு வலையைத் தைக்கணும். தைச்சு வச்சவனுக்குத்தான் குடுக்கிற அன்னிக்கு மீனு நிக்கும்."

அவர் சாதாரணமாத்தான் சொன்னார். நான்தான் அதை ஆறு மாசமா மென்னுக்கிட்டு இருக்கேன். எனக்கு சீசன்ங்கறது வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை தூங்கிக்கலாம், மாசம் பிறந்தா சம்பளம் வந்துடும். அவருக்கு சீசன்ங்கறது அரிசி. இந்த வித்தியாசத்தை மறந்துட்டு நாம சீசன் வேலை, இயற்கை, மன நிறைவுன்னு அள்ளி விடக்கூடாது. ஆனா வருஷம் பூரா ஒரே ஸ்பீடுல ஏறிக்கிட்டே இருக்கறதுதான் முன்னேற்றம்னு நினைக்கறது ஆபீஸ்ல மட்டும்தான் போல. கரையில இருக்கறவங்க யாரும் அப்படி நினைக்கல.

*

2025 ஜனவரியைப் பத்தி சொல்லாம இந்தப் பதிவை முடிச்சா அது பொய்.

அந்த மாசம் சென்னையிலயும் அக்கம் பக்கத்துக் கரைகள்லயும் ஆயிரத்துக்கும் மேல பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்குச்சு. பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அப்பப்ப மேல வந்து மூச்சு விடணும். இழுவை மடியில மாட்டினா மேல வர முடியாது, மூழ்கிச் செத்துடும். முட்டை போடறதுக்காகக் கரையை ஒட்டி வர்ற நேரத்துல விசைப்படகு கரையோரமா மடி இழுத்தா இதுதான் நடக்கும். கரையை ஒட்டி இழுக்கக்கூடாதுன்னு 1983லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. ஆமை தப்பிக்கறதுக்கு வலையில மாட்டற கருவியும் இருக்கு. இருந்தும்.

அந்த வாரங்கள்ல நடந்தப்போ நாங்க முட்டையைத் தேடறதை விட பிணத்தை எண்ணினதுதான் அதிகம். நாற்பது கிலோ வரைக்கும் இருக்கும் ஒவ்வொண்ணும். ஆயிரத்துல ஒண்ணா தப்பிப் பிழைச்சு, பத்துப் பதினைஞ்சு வருஷம் கடல்ல சுத்தி, பொறந்த பக்கத்துக்கே முட்டை போட வந்த ஆமைங்க அது. வயித்துல முட்டையோட சில. நான் அன்னிக்கு பைக்ல வரும்போது போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா? 10,000 முட்டைக்கு 10 ஆமை. அந்தக் கணக்குப்படி ஒரு ஆயிரம் பெரிய ஆமைன்னா எத்தனை வருஷ ராத்திரி, எத்தனை பேரோட நடை. போட்டுப் பார்த்துட்டு ஓரமா உட்கார்ந்துட்டேன்.

"இனிமே எதுக்கு இந்த நூறு முட்டையைத் தூக்கிக்கிட்டு நடக்கணும்?"னு கேட்டேன். முதல் வருஷம் பார்த்த அதே பையன்தான். அவன் பதில் சொல்லல. நோட்டை நீட்டினான். "இடம், நேரம், அளவு. எழுதுங்கணா."

எழுதினேன். அப்போதான் சதீஷும் விஜயாவும் எனக்கு உண்மையிலேயே புரிஞ்சாங்கன்னு சொல்லணும். சதீஷ் நாலாயிரம் கிலோமீட்டர் நடந்து எழுதினதும் இதைத்தான். விஜயா திகாவுல பண்ணினதும் இதைத்தான். ஆமையைக் காப்பாத்திட்டேன்னு அவங்களால சொல்லியிருக்க முடியாது. அது கடல் கையிலயும் அரசாங்கம் கையிலயும் இருக்கு. பார்த்தேன், எண்ணினேன், கூட்டாம குறைக்காம எழுதினேன்னு சொல்ல முடியும். 2025லயும் கரையில நின்னு எண்ணினவங்க இருந்ததாலதான் அது செய்தியாச்சு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கா எடுத்துக்கிச்சு. எண்ண ஆள் இல்லாத கரையா இருந்திருந்தா அலை ரெண்டு தடவை அடிச்சதும் எல்லாம் மணலுக்குள்ள போயிருக்கும்.

பொரிப்பகம் வச்சு முட்டையைக் காப்பாத்தறது மட்டும் போதுமா, கடல்ல பெரிய ஆமையைக் காப்பாத்தாம இது என்ன பிரயோஜனம்னு இந்தத் துறையில இருக்கறவங்களே கேட்கறாங்க. நியாயமான கேள்வி. அதைக் கேட்டுக்கிட்டே நடக்கறாங்க.

*

இப்போ என் சொந்தக் கதை. சீக்கிரம் முடிச்சுடறேன்.

அந்த சீசன் நடுவுலயே எனக்கு டீம் லீட் வாய்ப்பு வந்துச்சு. கண்டிஷன், வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கா கால் நான்தான் எடுக்கணும். மார்ச் வரைக்கும் வேற ஆள் எடுக்கட்டும், ஏப்ரல்ல இருந்து நான் எடுக்கறேன்னு சொன்னேன். காரணம் கேட்டாங்க. சொன்னேன். ரூம்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன். லீட் பதவி பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போச்சு.

வயிறு எரியலைன்னு சொன்னா பொய். நல்லாவே எரிஞ்சுது. நம்ம ஊர்ல அந்தப் பழமொழிக்கு இன்னொரு விளக்கம் சொல்வாங்க தெரியுமா? வீட்டுக்குள்ள புகக் கூடாத ஆமை கடலாமை இல்ல, பொறாமை, இயலாமை, கல்லாமைன்னு. வார்த்தை விளையாட்டுதான். ஆனா என் விஷயத்துல அந்தப் பொறாமைதான் பல வருஷமா வீட்டுக்குள்ள குடியிருந்துச்சு. வாடகை கூட குடுக்காம.

அது ஒரேயடியா காலி பண்ணிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். வேலையை விடல, விடற ஐடியாவும் இல்ல. அடுத்த அப்ரைசல்ல 4 வந்தா ட்ரீட் நிச்சயம் உண்டு. ஆனா ஒண்ணு மாறியிருக்கு. முன்னாடியெல்லாம் அந்த நம்பர் வந்தப்புறம்தான் அந்த வருஷம் நல்ல வருஷமா கெட்ட வருஷமான்னு எனக்கே தெரியும். இப்போ எத்தனை ராத்திரி நடந்தேன், எத்தனை எண்ணினேன், எழுதினது சரியான்னு நானே சொல்லிடுவேன். ஒரு கோட் ரிவ்யூ பண்ணும்போது கூட இந்த புத்தி வருது. யார் பார்ப்பாங்கங்கறதை விட்டுட்டு, இந்த லைன் சரியா இருக்கான்னு மட்டும் பார்க்கத் தோணுது. அது நல்லதுன்னு நினைக்கறேன். மேனேஜர் என்ன நினைக்கறாரோ :-)

போன பங்குனியில ஒரு சாயங்காலம் பாட்டியை ஆட்டோவுல ஏத்தி பெசன்ட் நகர் கூட்டிட்டுப் போனேன். குஞ்சுகளை கடல்ல விடற நேரம். ஒவ்வொண்ணும் பதினைஞ்சு இருபது கிராம்தான், உள்ளங்கையில பாதி இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும். தெரு விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சா கடலை விட்டுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிடும். ஒரு அலை வந்து இழுத்துட்டுப் போகும், நாலஞ்சு திரும்ப மணல்ல வந்து கவுந்து விழும். நிமிர்ந்து, மறுபடி போகும்.

பாட்டி பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்துக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. கடைசிக் குஞ்சும் போன அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தா.

"இத்துணூண்டு இருக்கு. இதுவாடா வீட்டுக்குள்ள புகுந்து குடியைக் கெடுக்கப் போறது? பாவம்டா, பத்திரமாப் போய்ச் சேரட்டும்."

பி.கு: வர்ற ஜனவரியில சென்னையில இருந்தா ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்க வாங்க மக்களே. ஷூ வேண்டாம், செருப்பு போதும். ஆமை வரும்னு கேரன்டி எல்லாம் குடுக்க முடியாது.